எடை குறைப்புக்குப் பிந்தைய உடல் வடிவச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை

எடை குறைப்புக்குப் பிந்தைய உடல் வடிவச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை என்பது, மிக அதிக அளவில் எடை குறைந்தவர்களின் உடலில் தொங்கி நிற்கும் மிகுதியான தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்புத் திசுவையும் நீக்கி, எஞ்சிய திசுக்களை இழுத்துத் தைத்துச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சைகளின் தொகுதியாகும். வயிறு, இடுப்பு, பிட்டம், தொடை, மேற்கை, மார்பு, முதுகு, முகம், கழுத்து ஆகிய பகுதிகளில் இது செய்யப்படுகிறது. இதனைப் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் மேற்கொள்கின்றனர்.

இது எடையைக் குறைப்பதற்கான சிகிச்சை அன்று. எடை குறைந்து, அது நிலைபெற்ற பின்னரே செய்யப்படுகிறது. தொங்கும் தோல் நீங்குவதற்கு ஈடாக, நீண்ட தழும்புகள் உடலில் நிலையாகத் தங்கிவிடும். இந்த ஈடு தமக்கு ஏற்புடையதா என்பதை நோயாளி முன்கூட்டியே தெளிவாக அறிந்து முடிவெடுப்பது இச்சிகிச்சையில் மிகவும் முதன்மையானது.

ஒருவரின் மிகை எடையில் பாதியோ அதற்கு மேலோ குறைவதை மருத்துவத்தில் பெருமளவு எடை இழப்பு என்று பொதுவாகக் குறிப்பிடுகின்றனர். எடுத்துக்காட்டாக, 70 கிலோ இருக்க வேண்டிய ஒருவர் 130 கிலோ இருந்தால் அவரது மிகை எடை 60 கிலோ ஆகும். அதில் 30 கிலோ அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது பெருமளவு எடை இழப்பாகும்.

தோல் ஏன் மீண்டும் சுருங்குவதில்லை

தோலின் உட்பகுதியான அடித்தோலில் கொலாஜன், எலாஸ்டின் எனும் இரு வகைப் புரத இழைகள் உள்ளன. கொலாஜன் தோலுக்கு உறுதியைத் தருகிறது. எலாஸ்டின், இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் மீள்தன்மையைத் தருகிறது. உடல் பருமன் பல ஆண்டுகள் நீடிக்கும்போது தோல் தொடர்ந்து விரிந்த நிலையிலேயே இருக்கிறது. இதனால் எலாஸ்டின் இழைகள் சிதைகின்றன; கொலாஜன் இழைகளின் அடுக்கமைப்பும் குலைகிறது. வளர்ந்தவர்களின் உடல் புதிய எலாஸ்டினை மிகக் குறைவாகவே உருவாக்குகிறது. ஆகவே, எடை குறைந்தாலும் தோல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.

எடை குறையும்போது கொழுப்பு உயிரணுக்கள் சுருங்குகின்றன. அவற்றை மூடியிருந்த தோலின் பரப்பளவு அதே அளவில் குறைவதில்லை. உள்ளிருப்பது குறைந்த பையைப் போலத் தோல் தளர்ந்து தொங்குகிறது.

தளர்வின் அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பின்வருவன அதனைத் தீர்மானிக்கின்றன:

- குறைந்த எடையின் அளவு
- உடல் பருமன் நீடித்த காலம்
- வயது
- மரபுக் கூறுகள்
- புகைப்பழக்கம்
- தோல் வெயிலுக்கு ஆளான அளவு
- பெண்களில் கருவுற்ற முறைகள்

உடற்பயிற்சி தசைகளை வலுப்படுத்தும். தளர்ந்த தோலை அது நீக்காது. தோலை இறுக்குவதாக விற்கப்படும் பூச்சுகளும் உடலைச் சுற்றிக் கட்டும் பட்டைகளும் இத்தகைய பெருந்தளர்வைச் சரிசெய்வதில்லை. எனவே, தோல் தொங்குவதை ஒருவரின் முயற்சிக் குறைவாகக் கருதுவது தவறாகும். பல வேளைகளில் அது அவர் பெருமளவு எடையைக் குறைத்ததன் விளைவே ஆகும்.

தொங்கும் தோலால் ஏற்படும் தொல்லைகள்

தோல் மடிப்புகளுக்கு இடையே வியர்வை தேங்குகிறது. காற்றோட்டம் இல்லாமையாலும் தோலோடு தோல் உராய்வதாலும் அங்கே சிவப்பு, அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம் ஆகியவை தோன்றுகின்றன. கேண்டிடா போன்ற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் எளிதில் பெருகுகின்றன. சிலருக்குப் புண்கள் உண்டாகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இத்தொல்லை கூடுகிறது.

அடிவயிற்றிலிருந்து தொங்கும் மடிப்பு சிலருக்குத் தொடை வரை இறங்குகிறது. இது நடப்பதற்கும் குனிவதற்கும் உடற்பயிற்சி செய்வதற்கும் இடையூறாகிறது. கழிவறையைப் பயன்படுத்திய பின் தூய்மை செய்வதும் கடினமாகிறது. மேற்கைத் தோல் தொங்குவதால் பொருத்தமான சட்டை, இரவிக்கை கிடைப்பதில்லை. தொடைகள் உராய்வதால் நடக்கும்போது தோல் புண்ணாகிறது.

மன அளவிலான பாதிப்பும் குறிப்பிடத்தக்கது. எடை குறைந்தும் கண்ணாடியில் தெரியும் உடல், எதிர்பார்த்த உடலாக இல்லாதபோது சிலர் சோர்வடைகின்றனர். சிலர் உடலை முழுவதும் மறைக்கும் உடைகளை மட்டுமே அணிகின்றனர். நெருங்கிய உறவுகளிலிருந்தும் விலகி நிற்கின்றனர். எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் இச்சீரமைப்பை விரும்புகின்றனர் என்றும், அதனைப் பெறுவோர் ஒரு சிறு பகுதியினரே என்றும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. செலவு இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும்.

வரலாறு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மகளிர் நோயியல் அறுவை மருத்துவர் ஹோவர்டு கெல்லி, 1899 ஆம் ஆண்டில் ஒரு பெண்ணின் தொங்கும் வயிற்று மடிப்பை அகற்றியதைப் பதிவுசெய்தார். நீக்கப்பட்ட திசு 7 கிலோவுக்கும் அதிகமாக இருந்தது. இத்துறையின் தொடக்ககாலப் பதிவுகளில் இது ஒன்றாகும்.

1960 ஆம் ஆண்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மரியோ கொன்சாலஸ் உயோவா, வயிற்றோடு நில்லாமல் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை போலத் தோலை நீக்கும் முறையை விளக்கினார். 1967 இல் பிரேசில் நாட்டின் இவோ பிட்டாங்கி, தாம் செய்த 300 வயிற்றுச் சீரமைப்புகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1991 இல் அமெரிக்காவின் டெட் லாக்வுட், தோலுக்கு அடியில் கொழுப்பினூடே அமைந்துள்ள மேலோட்ட இணைப்புத் திசுப்படலத்தின் பங்கை விளக்கினார். தோலை மட்டும் தைப்பதற்குப் பதிலாக இந்தப் படலத்தைச் சேர்த்துத் தைத்தால், இழுவிசை முழுவதும் தோலின் மீது விழுவதில்லை. தழும்பு அகலமாவதும் குறைகிறது. இன்றும் இக்கருத்து உடல் தூக்கல் அறுவைச் சிகிச்சைகளுக்கு அடிப்படையாக உள்ளது.

இத்துறை வளர்ந்ததற்கு எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைகளின் பரவலே முதன்மைக் காரணம். 1966 இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். 1990களில் இது நுண்துளை முறையில் செய்யப்படத் தொடங்கியதும் சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை உயர்ந்தது. தொங்கும் தோலுடன் மருத்துவரை நாடுவோரும் பெருகினர். 2005 இல் பிட்ஸ்பர்க் தரமதிப்பீட்டு அளவுகோல் வெளியிடப்பட்டது. இது உடலின் 10 பகுதிகளையும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, எப்பகுதிக்கு எவ்வகைச் சிகிச்சை ஏற்றது என்று வகுக்க உதவுகிறது.

அண்மைக் காலத்தில் செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகிய ஊசி மருந்துகள் மூலமும் பெருமளவு எடை குறைகிறது. இவற்றுள் முதலாவதை 2021 இலும் இரண்டாவதை 2023 இலும் உடல் எடைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றது. அறுவைச் சிகிச்சை, மருந்து, உணவுக் கட்டுப்பாடு என எவ்வழியில் எடை குறைந்தாலும் தோல் தளர்வு ஏற்படக்கூடும்.

ஏற்ற காலமும் தகுதியும்

எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதன்பின் எடை குறைந்தது 3 முதல் 6 மாதங்களுக்குப் பெரிய மாற்றமின்றி நிலையாக இருக்க வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, எடை குறைந்துகொண்டிருக்கும்போது சீரமைத்தால் மேலும் தோல் தளர்ந்து, மீண்டும் ஓர் அறுவை தேவைப்படலாம். இரண்டாவது, விரைவாக எடை குறையும் காலத்தில் உடலில் புரதமும் பிற சத்துகளும் குறைவாக இருப்பதால் காயம் ஆறுவது தாமதமாகும்.

உடல் நிறைக் குறியெண் 30-க்குக் கீழ் இருப்போருக்குச் சிக்கல்கள் குறைவாகவும் பலன் கூடுதலாகவும் இருக்கும். அது 35-க்கு மேல் இருப்பின், மேலும் எடை குறைந்த பின் வருமாறு பல மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். எனினும், தொங்கும் வயிற்று மடிப்பே நடப்பதற்குத் தடையாகவோ தீராத புண்களுக்குக் காரணமாகவோ இருந்தால், அதை மட்டும் முன்னதாகவே நீக்குவதுண்டு.

பின்வரும் நிலையில் உள்ளோருக்கு அறுவைச் சிகிச்சை தள்ளிப்போடப்படுகிறது:

- புகைப்பழக்கத்தை விடாதவர்கள்
- கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்கள்
- சத்துக்குறைவு, குருதிச்சோகை உள்ளவர்கள்
- விரைவில் கருவுறத் திட்டமிட்டுள்ள பெண்கள்
- சிகிச்சை பெறாத மனச்சோர்வு, உண்ணல் கோளாறு உள்ளவர்கள்

முன்னேற்பாடுகள்

இரைப்பை மாற்றுவழி அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இரும்புச்சத்து, உயிர்ச்சத்து பி12, ஃபோலிக் அமிலம், உயிர்ச்சத்து டி, துத்தநாகம் ஆகியவற்றின் குறைவு எளிதில் ஏற்படும். உணவு செல்லும் பாதை மாற்றப்பட்டிருப்பதால், உண்ணும் உணவிலிருந்து இச்சத்துகளை உடல் முழுமையாக ஈர்ப்பதில்லை. எனவே குருதிச் சோதனை செய்து குறைகள் சரிசெய்யப்படுகின்றன. காயம் ஆறுவதற்குப் புரதம் இன்றியமையாதது. நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் வரை புரதம் உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகிறது. பருப்பு, முட்டை, மீன், கோழி, தயிர், பனீர், சோயா போன்ற உணவுகளோடு, தேவைப்பட்டால் புரத மாவும் சேர்க்கப்படுகிறது.

நிக்கோட்டின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. பிரித்து இழுக்கப்பட்ட தோலின் விளிம்புக்குக் குருதி செல்லாவிடில் அத்திசு இறந்துவிடும். ஆதலால் அறுவைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்னரே புகைப்பதை நிறுத்த வேண்டும்.

எடை குறைப்பு ஊசி மருந்துகளைப் பயன்படுத்துவோர் அதனை மயக்கவியல் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இம்மருந்துகள் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. இரைப்பையில் உணவு எஞ்சியிருந்தால் மயக்கநிலையில் அது நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு. முன்பு செய்த அறுவைச் சிகிச்சையால் வயிற்றுச் சுவரில் குடலிறக்கம் ஏற்பட்டுள்ளதா என்பதும் சோதிக்கப்படுகிறது.

அறுவைச் சிகிச்சை வகைகள்

வயிற்று மடிப்பு நீக்கம்: அடிவயிற்றில் தொங்கும் மடிப்பு மட்டும் நீக்கப்படுகிறது. தசைகள் இறுக்கப்படுவதில்லை, தொப்புளும் பொதுவாக இடம் மாற்றப்படுவதில்லை. நோய்த்தொல்லையைத் தீர்ப்பதே இதன் நோக்கம்.

வயிற்றுச் சீரமைப்பு: இதில் தோல் நீக்கப்படுவதுடன், விலகிய வயிற்று நேர்த்தசைகளும் ஒன்றுசேர்த்துத் தைக்கப்படுகின்றன. தோலைக் கீழே இழுத்த பின் தொப்புளுக்குப் புதிய திறப்பு அமைக்கப்படுகிறது. தழும்பு ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றோர் இடுப்பெலும்பு வரை நீளும். குறுக்குவாட்டிலும் தோல் மிகுதியாக இருந்தால் நடுவே செங்குத்தாகவும் ஒரு பகுதி நீக்கப்படுகிறது. அப்போது தழும்பு நங்கூரம் போல மேல்வயிறு வரை செல்லும்.

கீழுடல் தூக்கல்: வயிறு, இடுப்பின் பக்கங்கள், பிட்டம், வெளித்தொடை ஆகியவை ஒரே அறுவையில் சீரமைக்கப்படுகின்றன. தழும்பு அரைஞாண் கயிறு போல உடலை முழுவதும் சுற்றி வரும். நோயாளியை மேசையில் திருப்பிப் படுக்கவைத்துச் செய்ய வேண்டியிருப்பதால் இது நீண்ட நேரம் எடுக்கும் பெரிய அறுவையாகும்.

மேற்கைச் சீரமைப்பு: அக்குளிலிருந்து முழங்கை வரை உட்புறமாகவோ பின்புறமாகவோ கீறித் தோல் நீக்கப்படுகிறது. இங்குத் தழும்பை மறைப்பது கடினம். முன்கையின் உட்புற உணர்வு நரம்பு பாதிக்கப்பட்டால் அப்பகுதியில் மரத்துப்போதல் ஏற்படலாம்.

தொடைச் சீரமைப்பு: தொடையிடுக்கிலும், தேவைப்பட்டால் உட்தொடையில் நீளவாக்கிலும் கீறல் இடப்படுகிறது. ஈரமும் அசைவும் மிகுந்த இடமாதலால் தையல் பிரிதலும் நிணநீர் தேங்கிக் கால் வீங்குதலும் இங்குக் கவலைக்குரியவை.

மார்புச் சீரமைப்பு: பெண்களுக்குத் தளர்ந்த மார்பகம் தூக்கி அமைக்கப்படுகிறது. கன அளவு மிகவும் குறைந்திருந்தால் பக்கவாட்டில் மிகுந்துள்ள சொந்தத் திசுவோ சிலிக்கோன் உள்வைப்போ பயன்படுத்தப்படுகிறது. ஆண்களுக்கு மிகுந்த தோலும் கொழுப்பும் நீக்கப்பட்டு, தேவைப்பட்டால் முலைக்காம்பு இடம் மாற்றப்படுகிறது.

கொழுப்பு உறிஞ்சல் இவற்றுக்குத் துணைமுறையாகவே பயன்படுகிறது. தளர்ந்த தோலின் அடியிலிருந்து கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் தளர்வு மேலும் கூடலாம்.

எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் சீரமைப்பதில்லை. அறுவை நேரம் கூடக் கூடக் குருதி இழப்பும், உடல் வெப்பம் குறைதலும், குருதியுறைவு அபாயமும் கூடுகின்றன. எனவே இரண்டு அல்லது மூன்று கட்டங்களாகப் பிரித்து, இடையே குறைந்தது 3 மாத இடைவெளி விட்டுச் செய்யப்படுகிறது. நோயாளிக்கு எது மிகுந்த தொல்லை தருகிறதோ அதுவே பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

செய்முறையும் பின்பராமரிப்பும்

வெட்ட வேண்டிய கோடுகளை நோயாளி நின்றிருக்கும் நிலையில் மருத்துவர் தோலின் மீது வரைகிறார். படுத்த நிலையில் தோல் பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் சரியான அளவு தெரியாது. முழு மயக்கத்தில் அறுவை நடைபெறுகிறது. தோல் நீக்கப்பட்ட பின் காயம் பல அடுக்குகளாகத் தைக்கப்படுகிறது. உள்ளே சேரும் நீர் வெளியேற வடிகுழாய்கள் பொருத்தப்படுவதுண்டு.

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளி எழுந்து நடக்க ஊக்குவிக்கப்படுகிறார். கால் சிரைகளில் குருதி உறையாதிருக்க இது உதவுகிறது. வயிற்றுச் சீரமைப்புக்குப் பின் சில நாள்கள் சற்றுக் குனிந்தபடியே நடக்க வேண்டியிருக்கும். அழுத்த உடையைச் சில வாரங்கள் அணிய வேண்டும். அலுவலகப் பணிக்கு 2 முதல் 4 வாரங்களில் திரும்பலாம். பளு தூக்குவதையும் கடும் பயிற்சியையும் ஏறத்தாழ 6 வாரங்கள் தவிர்க்க வேண்டும்.

இரைப்பை மாற்றுவழி அறுவை பெற்றவர்கள் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிநீக்கிகளை மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளக் கூடாது. இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் அவை புண்ணை உண்டாக்கக்கூடும். அத்தகையோருக்கு மாற்று வலிநீக்கிகள் தரப்படுகின்றன.

சிக்கல்கள்

மற்றவர்களுக்குச் செய்யப்படும் வயிற்றுச் சீரமைப்பைவிட, பெருமளவு எடை இழந்தவர்களுக்குச் செய்யப்படுவதில் சிக்கல்கள் கூடுதலாகும். அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. கட்டு மாற்றுவதன் மூலமும் நீரை ஊசியால் உறிஞ்சி எடுப்பதன் மூலமும் குணமாகின்றன.

- நீர்க்கோவை: தோலுக்கு அடியில் வெளிர்மஞ்சள் நீர் சேர்தல். அடிக்கடி காணப்படுவது.
- தையல் பிரிதல்: இழுவிசை மிகுந்த இடங்களில் காயம் திறந்துகொள்ளுதல்.
- குருதிக்கட்டு: உள்ளே குருதி கசிந்து தேங்குதல். சில வேளைகளில் உடனே மறு அறுவை தேவைப்படும்.
- தொற்று: காயத்தைச் சுற்றிச் சிவத்தல், சீழ், காய்ச்சல்.
- திசு இறப்பு: தோலின் விளிம்பு கருத்துப்போதல்.
- உணர்வு மாற்றம்: தழும்பைச் சுற்றி மரத்துப்போதல். பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்லக் குறையும்.

அரிதானதாயினும் மிகவும் ஆபத்தானது ஆழ்சிரைக் குருதியுறைவு ஆகும். காலில் உறைந்த குருதி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிரிழப்பு நேரலாம். இதனைத் தடுக்கக் காலழுத்தக் கருவிகளும், இடர் மிகுந்தோருக்கு ஹெப்பாரின் வகை ஊசிகளும் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் காத்திராமல் அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும்.

தழும்புகள்

தழும்புகள் முதல் சில மாதங்களில் சிவந்தும் தடித்தும் காணப்படும். முதிர்ந்து வெளிர 12 முதல் 18 மாதங்கள் ஆகலாம். ஆயினும் அவை முற்றிலும் மறைவதில்லை. கருமையான தோல் உடையோருக்குத் தழும்பு கருத்துப்போவதற்கும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டு ஏற்படுவதற்கும் வாய்ப்பு கூடுதல். முன்பு காது குத்திய இடத்திலோ தடுப்பூசி இட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டும். சிலிக்கோன் பட்டைகளும் வெயில் படாமல் காத்தலும் தழும்பு நன்கு முதிர உதவுகின்றன.

செலவும் காப்பீடும்

இச்சிகிச்சை அழகுக்கானதா, மருத்துவத் தேவைக்கானதா என்ற கேள்வியே செலவை யார் ஏற்பது என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, வயிற்று மடிப்பு நீக்கத்தை நிபந்தனைகளுடன் ஏற்கின்றன; தசையை இறுக்கும் வயிற்றுச் சீரமைப்பை அழகியல் சிகிச்சையாகக் கருதி மறுக்கின்றன. மருந்துக்கு ஆறாத தோல் புண், மடிப்பு தொங்கும் அளவு, எடை நிலைபெற்ற காலம் ஆகியவற்றுக்கு அவை சான்று கேட்கின்றன.

இந்தியாவில் மருத்துவக் காப்பீடுகளின் பொதுவான விலக்குப் பட்டியலில் அழகியல், பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைகள் இடம்பெறுகின்றன. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்குத் தேவை என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்கும் சிகிச்சைக்கும் அதில் விதிவிலக்கு உண்டு. எனவே தோல் தொற்றுக்காக மருத்துவரைக் கண்ட நாள்கள், எழுதித்தந்த மருந்துகள், நிழற்படங்கள் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே பாதுகாத்து வைப்பது பயன்தரும். அறுவைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுவதும் நல்லது.

பலன்களும் வரம்புகளும்

தோல் தொற்று நீங்குதல், எளிதாக நடத்தல், உடற்பயிற்சி செய்ய முடிதல், பொருந்தும் உடை அணிதல் ஆகியவை நோயாளிகள் பெரிதும் குறிப்பிடும் பலன்களாகும். உடல் தோற்றம் பற்றிய மனநிறைவும் வாழ்க்கைத் தரமும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. சீரமைப்பு பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் தம் எடையை நீண்ட காலம் கட்டுக்குள் வைத்திருப்பதாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. எனினும், எடையை நிலையாக வைத்திருப்பவர்களே இச்சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்பதையும் இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நீக்கப்படும் தோலின் எடை பெரும்பாலும் சில கிலோக்களே என்பதால் எடைக்கருவியில் பெரிய மாற்றம் தெரியாது. எஞ்சியிருக்கும் தோலும் மீள்தன்மை இழந்ததே என்பதால், ஓரிரு ஆண்டுகளில் சிறிதளவு தளர்வு மீண்டும் தோன்றலாம். எடை மீண்டும் கூடினால் தோல் மறுபடியும் விரியும். உடல் பருமன் வராதவரின் உடலைப் போன்ற தோற்றத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைகின்றனர். நடக்கவும் தூய்மையைப் பேணவும் விரும்பிய உடையை அணியவும் தடையாக இருந்ததை நீக்குவதே நோக்கம் என்று அறிந்து வருபவர்கள், தழும்புகள் இருந்தபோதும் பெரும்பாலும் மனநிறைவு கொள்கின்றனர்.